தேயிலை வராத மண்

மச்சான் பொன் அரித்த தாச்சி இன்னும் எங்கள் லயத்து வீட்டுக் குசினியில்தான் கிடக்கிறது. அக்காவின் கல்யாணத்துக்கு வந்த இரும்புத் தாச்சி அது. பலகாரம் சுட வாங்கியதில் மூன்று மாதத்துக்கு மேல் மண்ணைச் சுற்றினால் அடிப்பாகம் தேயாமல் என்ன செய்யும்? அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் குந்தியிருந்த விதம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தாச்சியை ஒருக்களித்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை வழியவிடுவார். முதலில் சேறு போகும். பிறகு வெள்ளை மணல் போகும். கடைசியில் பிறை வடிவத்தில் கருமணல் மட்டும் தங்கும். முதல் நாள் அந்தக் கருமணலின் நுனியில் ரவையைவிடப் பொடியாக மூன்று மஞ்சள் புள்ளிகள் ஒட்டியிருந்தன. மூச்சு பட்டுப் பறந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு, விரல்களுக்கு நடுவிலிருந்து என்னைக் கேட்டார்.

"மாப்ள, இதுதானா அது?"

இதுதான் என்றேன். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கு வரை நான் என்னை மன்னிக்கவில்லை.

மச்சான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கான் வெட்டும் ஆள். மலைச்சரிவில் மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் பக்கவாட்டில் திருப்பிவிட, தேயிலைக்கு இடையே குறுக்காக வெட்டும் வடிகாலைத்தான் கான் என்போம். இருபது வருடமாக அதே வேலை. அலவாங்குக் கடப்பாரையைக் குத்தினால் எழும் சத்தத்திலேயே கீழே களியா, கல்லா, உக்கிப்போன பாறையா என்று சொல்லிவிடுவார். அதிகம் பேசமாட்டார், ஆனால் பேசினால் ஆளைக் கிண்டல் பண்ணாமல் விடமாட்டார். நான் ரெண்டெழுத்துப் படித்தவன் என்பதால் எனக்கு "பெரிய துரை" என்று பட்டம். அக்கா ரொட்டியைக் கருக்கிவிட்டால், "இன்னைக்கு ஃபேக்டரித் தூளு நல்லா வறுபட்டிருக்கு" என்பார். அக்காவும் விடமாட்டாள், "தூளு வேணாம்னா போங்க, கானுல தண்ணி ஓடுது, குடிங்க" என்பாள். அவர்கள் இருவருக்குள்ளும் இருந்த அன்பு இந்தமாதிரிச் சண்டையாகத்தான் வெளியே தெரியும்.

நாடு முழுக்க மண்ணெண்ணெய்க்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற வருடம் அது. நான் அப்போது மலைக்குக் கீழே, மாணிக்கக்கல் தோண்டும் குழி ஒன்றில் கூலி. குழியில் ஊறும் தண்ணீரை இறைக்கிற மெஷினுக்கு டீசல் இல்லாமல் போக, முதலாளி எங்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வெறுங்கையோடு லயத்துக்கு வந்தேன். வந்த அன்றைக்கே விஷயம் தெரிந்தது. அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஏஜென்சியில் பேர் கொடுத்திருந்தாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது. நாலு மாதத்தில் பயணம். தன் இரண்டு பையன்களும் காலையில் வெறும் பிளேன்டீ குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துக்கொண்டு இனியும் இங்கே இருக்க முடியாது என்றாள். மச்சான் தடுக்கவில்லை, சம்மதம் என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும், நானும் அவரும் விறகு உடைத்துக்கொண்டிருந்தபோது, கோடரியைக் கீழே போட்டார்.

"மேல் டிவிசன்ல ஒருத்தி போனாளே, என்னாச்சு? பொட்டியில வந்தா. தொறந்து பாக்கக்கூட விடல. ஒங்கக்கா போனா நான் செத்துருவேன் மாப்ள."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை. அந்தப் பேச்சுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாமல், ஏதாவது பேசவேண்டுமே என்றுதான் குழி வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். மேல்மண்ணை எடுத்தால் மஞ்சள் மணல் வரும், அதற்குக் கீழே உருண்டை உருண்டையாக வெள்ளைக் கூழாங்கல் அடுக்கு வரும், மாணிக்கம் இருப்பதெல்லாம் அந்த அடுக்கில்தான், அதைக் கழுவும்போது சில இடங்களில் பொன் பொடியும் கிடைக்கும் என்றேன். மச்சான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அந்தக் கல்லு நம்ம பொதகாட்டுல கெடக்கே."

எங்கள் தோட்டத்தில் ஓடைக்கு மேலே, வளைவின் உட்பக்கமாக, கொஞ்சம் சரிவான ஒரு துண்டு நிலம் இருக்கிறது. சுற்றிலும் தேயிலை நிற்கும், அதில் மட்டும் நிற்காது. அந்தக் காலத்தில் முதன்முதலாகக் காட்டை வெட்டிய வெள்ளைக்காரத் துரை ஓடை மணலில் பொன் மினுக்குவதைப் பார்த்து, வேறு தேசத்தில் பொன் அரித்துப் பழகிய ஒருவனைக் கூட்டிவந்து அங்கே குழிகள் தோண்டினாராம். நம்மாட்கள்தான் தோண்டினார்கள், கழுவினார்கள். ஓடைப் பக்கமாக இரண்டு மழைக்காலம் அரித்துப் பார்த்து, கூலிக்குக் கட்டாது என்று மூடிவிட்டார்கள். கீழே கிடந்த கூழாங்கல் எல்லாம் மேலே வந்துவிட்டதால் அதில் நட்ட தேயிலை வேர் பிடிக்காமல் செத்தது. ஒன்றுக்கும் உதவாத இடம் என்று ஆனபிறகு, செத்தவர்களைப் புதைத்துக்கொள்ளச் சொல்லி லயத்து ஆட்களிடம் கொடுத்தார்கள். அப்படித்தான் எங்கள் பொன் குழி எங்கள் புதைகாடாக ஆனது. பிறகு ரோட்டோரம் வேறு இடம் கிடைத்ததும் அதையும் கைவிட்டுவிட்டார்கள்.

பொன் எங்கிருந்து வருகிறது என்று மச்சான் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மலை உச்சியில் பாறைக்குள் வெள்ளைக் கல் நரம்பு மாதிரி ஓடும். அதற்குள் பொன் தூவினாற்போல் இருக்கும். எத்தனையோ யுகமாகப் பெய்கிற மழை பாறையைக் கரைத்து உடைத்து ஓடையில் தள்ளும். கல் உருண்டுகொண்டே போய்விடும், பொன் கனமானது, தண்ணீர் எங்கே களைத்துப்போகிறதோ அங்கே இறங்கிவிடும். வளைவின் உட்பக்கம்தான் தண்ணீர் களைக்கிற இடம். இறங்கிய பொன் கூழாங்கல்லின் இடுக்கு வழியாக இன்னும் கீழே போய், அடிப்பாறையின் பள்ளத்தில் போய்த் தங்கும். ஓடையும் வருடத்துக்கு வருடம் பள்ளத்தை அறுத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. அதனால் பழைய ஓடை ஓடிய தடம் இன்றைய ஓடைக்கு மேலே சரிவில் நிற்கிறது. வெள்ளைக்காரன் தண்ணீருக்குப் பக்கத்தில்தான் தோண்டினான், மேல் பக்கத்தை அவன் தொடவில்லை.

"மேல தண்ணி இல்லன்னுதான் விட்டிருப்பான். எனக்கு அது பிரச்சினையா? கான் இருக்குல்ல" என்றார் மச்சான்.

அவர் முகத்தில் அந்த நேரம் வந்த வெளிச்சம் எனக்குப் பயத்தைத்தான் கொடுத்தது. ஏனென்றால் அந்தப் புதைகாட்டில் அவருடைய மூத்த பிள்ளை இருந்தாள். மூன்று வயதில் காய்ச்சல் வந்து, லொறி கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேருவதற்குள் போய்விட்ட பாப்பா. எனக்கு அப்போது பதினாலு வயது. எங்களில் பெண்கள் புதைகாட்டுக்கு வருவதில்லை, லயத்து முனையோடு நின்றுவிடுவார்கள். அதனால் பாப்பாவை எங்கே வைத்தோம் என்று அக்காவுக்குத் தெரியாது. நடுகல் எல்லாம் எங்களுக்கு ஏது? மச்சான் தன் தொழில் வழக்கப்படி கானை எண்ணி வைத்திருந்தார். கீழ் ரோட்டிலிருந்து எண்ணினால் ஐந்தாவது கானுக்கு மேல், கரும்பாறைக்கு நேராக. அக்காவிடமும் அதைத்தான் சொல்லியிருந்தார். ஐந்தாவது கான் என்று அவள் சில நாள் தூக்கத்தில்கூடப் பினாத்துவாள்.

"ஆறாவது கானுக்கு மேல தோண்டுவோம். பாப்பா பக்கம் ஒரு மண்ணுகூட வுழாது. அங்க வேற யாரையும் வைக்கவும் இல்ல" என்றார். கோயில் தலைவர் வந்து கேட்டபோதும் அதையே சொன்னார். யார் வீட்டிலும் அடுப்பு ஒழுங்காக எரியாத காலம். தலைவர் பார்த்துவிட்டு, தடுக்காமல் போனார்.

அனுமதி இல்லாமல் தோண்டினால் பொலீஸ் பிடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கான் வெட்டு, நாளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் வேலை, மத்தியானத்தோடு முடிந்துவிடும். மழையும் மூட்டமும் இறங்கிவிட்டால் அந்தப் பக்கம் கங்காணிகூட வரமாட்டார். மச்சான் மேல் கானை ஓரிடத்தில் உடைத்துத் தண்ணீரைத் திருப்பினார். லயத்துக் கூரையில் கழற்றிய பழைய தகரத்தை வளைத்து வாய்க்கால் மாதிரிப் போட்டு, அதற்குள் அக்காவின் பழைய கம்பளியை விரித்தார். மழையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் தலையிலும் முதுகிலும் போட்டுக்கொள்ளும் முரட்டுக் கம்பளி. கூழாங்கல் மண்ணை அள்ளித் தகரத்தில் கொட்டினால் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகும், பொன் பொடி கம்பளி மயிரில் சிக்கிக்கொள்ளும். அந்திக்குள் கம்பளியைத் தாச்சியில் அலசினால் அன்றைய விளைச்சல் தெரியும். கிடைத்ததைச் சின்ன மருந்துப் போத்தலில் தண்ணீரோடு போட்டு வைத்தோம்.

மூன்று மாதம் மாடுமாதிரி உழைத்தோம். போத்தலின் அடியில் மஞ்சளாக ஒரு படலம் சேர்ந்தது. கினிகத்தேனையில் நகை செய்யும் பத்தர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். நல்ல பொன்தான் தம்பி, ஆனால் இதில் ஒரு மூக்குத்தி செய்யலாம் என்றார்.  திரும்பி வந்து, வட்டவளையில் பஸ்ஸிலிருந்து இறங்கி மலை ஏறும்போது மச்சான், "ஆழம் போகப் போகக் கூடுது மாப்ள. நேத்து அலவாங்கு சத்தம் மாறிச்சு. பாறை கிட்டத்துல இருக்கு. பள்ளமான பாறை" என்றார். அவர் சொன்னது சரி. அந்த வாரம் கிடைத்தது முதல் மாதம் முழுக்கக் கிடைத்ததைவிட அதிகம். பாறைப் பள்ளத்தை எட்டிவிட்டால் அக்காவை நிறுத்திவிடலாம் என்று இரண்டு பேரும் நிஜமாகவே நம்பினோம். அக்கா போகப் பத்து நாள்தான் இருந்தது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பள்ளத்தை நோக்கிக் குழியைப் பக்கவாட்டில் அகலப்படுத்தியிருந்தோம். மண் அங்கே கொஞ்சம் இளகலாக, கறுப்பாக இருந்தது. இலை உக்கிய மண் என்று நினைத்துக்கொண்டேன். கழுவி முடித்துத் தாச்சியைச் சுற்றியது நான்தான். கருமணலின் நடுவில் மிளகளவு பொன் உருண்டது. நான் கூத்தாடிவிட்டேன். "கட்டி மச்சான்! கட்டி விழுந்திருச்சு! அக்கா போகமாட்டா!" என்று கத்தினேன். மச்சான் குழிக்குள்ளிருந்து கை நீட்டி வாங்கினார். மழைத்தண்ணீரில் கழுவினார்.  அந்தக் கட்டிக்குத் திருகாணி இருந்தது.

பாப்பா செத்த அன்று பெண்கள் அவள் காதுத்தோட்டைக் கழற்றினார்கள். வலது காதில் கழன்றுவிட்டது. இடது காதில் திருகாணி இறுகிப்போய் வரவில்லை. ஒருத்தி காதை இழுத்துப் பிடித்துத் திருகப் பார்த்தபோது அக்கா பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டாள். "விடுங்க, புள்ளைக்கு வலிக்கும்" என்று கத்தினாள். அதற்குப் பிறகு யாரும் அந்தக் காதைத் தொடவில்லை. ஒற்றைத் தோட்டோடுதான் பாப்பாவை வைத்தோம்.

மச்சான் குழியிலிருந்து ஏறி, மழையில் கீழ் ரோட்டுக்கு ஓடினார். ரோட்டிலிருந்து ஒவ்வொரு கானாக எண்ணிக்கொண்டு வந்தார். மறுபடி இறங்கிப்போய் மறுபடி எண்ணினார். மூன்றாவது கானில் நின்று, கரையைக் கையால் தடவிப் பார்த்தார். "இது என் வெட்டு இல்ல மாப்ள" என்றார். கான் வெட்டுகிறவனுக்குத் தன் மம்பட்டி விழுந்த சாய்வு தெரியும். பாப்பா போனதற்கு அடுத்த வருடம் அவர் கால் முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தார். அப்போது வெளியாட்களை விட்டு அங்கே புதிதாக ஒரு கான் வெட்டியிருக்கிறார்கள். பாசி பிடித்துப் பழையதைப்போல ஆகிவிட்டது. அன்று ஐந்தாவதாக இருந்தது இன்று ஆறாவது. பாப்பா பக்கம் மண் விழக்கூடாது என்று ஒரு கான் தள்ளித் தோண்டியவர், நேராக அவள்மேல்தான் தோண்டியிருக்கிறார்.

அப்போது நான் சொன்னதை எழுதாமல் விட்டால் இந்தக் கதையை எழுதுவதில் அர்த்தமில்லை. "மச்சான், பாறைக்கு இன்னும் ஒரு அடிதான். எலும்புகூட மிச்சமில்ல, எல்லாம் மண்ணாப் போச்சு. அக்கா போக இன்னும் பத்து நாள்தான்" என்றேன். குழியில் விழுந்த மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் என்னை அடிக்கவில்லை. திட்டவுமில்லை.

"நீ வீட்டுக்குப் போ மாப்ள" என்றார். அவ்வளவுதான்.

நான் போகவில்லை, தேயிலைக்குள் நின்று பார்த்தேன். தோள் துண்டை விரித்து அந்தக் கறுத்த மண்ணைக் கைகளாலேயே கூட்டி அள்ளினார். தோட்டை அதன் நடுவில் வைத்து முடிந்து, குழியின் அடியில் வைத்தார். மம்பட்டியைத் தொடாமல் கையாலேயே தள்ளிக் குழியை மூடினார். பிறகு தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு, ஈரச் சாரத்தோடு லயத்து வாசலில் உட்கார்ந்தார். அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள், அவர் எழுந்திருக்கவில்லை. இனி அங்கே தோண்டப் போவதில்லை, அங்கே ஒன்றும் இல்லை என்று மட்டும் சொன்னார். அக்கா அவருடைய ஈரத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாரமே போத்தலில் இருந்த பொடியைப் பத்தரிடம் கொடுத்துவிட்டு, அக்காவின் பயணத்துக்குச் சக்கரச் சில்லு வைத்த நீலப் பெட்டி ஒன்று வாங்கிவந்தார். மூன்று மாத உழைப்புக்கு அந்தப் பெட்டிதான் மிச்சம்.

போவதற்கு முதல் நாள் காலை, அக்கா யாரிடமும் கேட்காமல் புதைகாட்டுக்கு நடந்தாள். நானும் மச்சானும் பின்னால் ஓடினோம். முழு இடமும் பன்றி கிண்டியதுபோல் கிடந்தது.

"எங்கங்க வச்சீங்க புள்ளைய? நாடு விட்டுப் போறேன், ஒரு தடவ பார்த்துட்டுப் போறேன்."

மச்சானின் கை தானாக எழுந்தது. தோண்டாத ஓரத்தில், புல் மூடிய ஒரு இடத்தைக் காட்டினார். தேயிலை தொடங்குகிற ஓரம் அது. அக்கா அங்கே குந்தி, கையால் மண்ணைப் பறித்து ஒரு பிடி எடுத்தாள். அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு மச்சானை அண்ணாந்து பார்த்தாள். மண்ணைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழுந்து வந்துவிட்டாள்.

அவள் போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது. கஷ்டப்படுத்தாத வீடுதான் அமைந்தது, அதுவே பெரிய காரியம். பையன்கள் வயிறு காயவில்லை. ஆனால் மச்சான் அதற்குப் பிறகு கிண்டல் பண்ணுவதை நிறுத்திவிட்டார். அலவாங்கைக் குத்திவிட்டுச் சத்தம் கேட்கிறவர்மாதிரி நின்றுகொண்டே இருப்பார். போன மாதம் கான் வெட்டும்போது குளவிக்கூட்டில் மம்பட்டி பட்டுவிட்டது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். அவருடைய முறிந்த காலுக்கு ஓட்டம் வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது. அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் முகம் காட்டினோம், பார்த்தாள்.  பாப்பாவோடு வைக்கச் சொல்லி மச்சான் எப்போதோ என்னிடம் சொல்லியிருந்தபடியே, தலைவரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, பழைய புதைகாட்டிலேயே வைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை, அங்கே அவளுக்கு ஓய்வு நாள், பகலில் கூப்பிட்டாள்.

"தம்பி, அவரை எங்கடா வச்ச?"

"பாப்பா பக்கத்துலதான்க்கா."

"எந்தப் பக்கத்துல? நீங்க எனக்குக் காட்டுனீங்களே அங்கயா, இல்ல புள்ள இருக்கற எடத்துலயா?"

 நான் பதில் சொல்வதற்குள் அவளே பேசினாள்.

"நான் எடுத்த மண்ணுல ஒரு கல்லு இல்லடா. தேயிலைக்கு அடியில இருக்கற செம்மண்ணு அது. இருபது வருசம் அந்த மலையில நின்னவளுக்கு மண்ணு தெரியாதா? அவரு தலைமுழுகிட்டு வந்து உக்காந்தப்பவே தெரியும். கேட்டிருந்தா அவரு அங்கயே விழுந்திருப்பாரு. அதான் கேக்கல. இப்ப அவரு இல்ல. நீ சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். கானை எண்ணியது, குழி, திருகாணி, இன்னும் ஒரு அடிதான் என்று நான் சொன்னது, எதையும் விடவில்லை.  நான் முடித்ததும் ஒன்றைத்தான் கேட்டாள்.

"அந்தத் தோட்டை வித்துத்தானே அந்த வாரமே எனக்குப் பொட்டி வாங்குனாரு?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. பொட்டி மணல்ல அரிச்ச பொன்னுல வாங்குனது. தோடு பாப்பாகிட்டதான் இருக்கு. அவரே துண்டுல முடிஞ்சு வச்சாரு. நான் பார்த்தேன்."

  அவள் மெதுவாகச் சொன்னாள்.

"மூனு வருசமா அந்தப் பொட்டியில ஒரு துணி வைக்கலடா நான். எல்லாத்தையும் பையிலதான் போட்டு வச்சிருக்கேன்."

போனைக் கட்டிலில் வைத்துவிட்டாள் போலிருந்தது. எதையோ கீழேயிருந்து இழுக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் பெட்டியின் ஜிப்பைத் திறந்தாள். பை சரசரத்தது. அவள் வாய்விட்டு அழுதுகொண்டே துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். நான் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.